போர்ச் சரக்கும் வாக்குச் சீட்டும்

நுவரெலியாவிலிருந்து வலப்பனைக்குச் செல்லும் வீதியில் ராகலை என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஊரைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை ஒரு குறுகிய இரும்புப்பாதை போடப்பட்டது. மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகள் இறங்கின. கீழிருந்து அரிசி மூடைகள் ஏறின. பின்னாளில் அந்தப் பாதை மூடப்பட்டது. அதன் வேலையை லொறிகள் ஏற்றுக்கொண்டன. வண்டி மாறியதேயன்றி வாழ்க்கையின் நியதி மாறவில்லை. தேயிலை மலையில் நெல் விளைவதில்லை. லயத்து அடுப்பில் கொதிக்கும் உலைக்கு அரிசி எங்கோ தொலைவிலிருந்துதான் வரவேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அந்த அரிசியிற் பெரும் பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1953ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள், கூப்பன் அரிசியிற் பெரும் பகுதி சீனாவிலிருந்து வந்தது. அந்தச் சீன அரிசிக்கு இலங்கை கொடுத்த விலை றப்பர். அந்த றப்பரோ, உலகின் பெரிய வல்லரசு ஒன்றின் கண்ணுக்குச் சாதாரண வணிகப் பொருளாகத் தோன்றவில்லை. போர்ச் சரக்காகவே தோன்றிற்று. ஆகவே, மலைநாட்டுத் தொழிலாளியின் கலத்தில் விழுந்த ஒரு கவளச் சோற்றுக்குப் பின்னால், இன்றும் தீராத ஒரு பெரிய வினா ஒளிந்துகொண்டிருந்தது. மக்கள் வாக்கினால் ஆளப்படும் ஒரு நாடு, போருக்குப் பயன்படும் பொருளைப் பிற நாட்டுக்கு விற்கலாமா? விற்பதாயின் அதனை யார், எவ்வாறு தீர்மானிக்க வேண்டும்? என்பதே அவ்வினா.

ஆயுத ஏற்றுமதி என்றதும் பீரங்கியும் போர் விமானமுமே மனக்கண்முன் வரும். அவ்வாறான ஏற்றுமதியில் ஐக்கிய அமெரிக்கா நெடுங்காலமாக முதலிடம் வகிக்கின்றது. பிரான்சு, ஜேர்மனி, பிரித்தானியா முதலிய ஜனநாயக நாடுகளும் முன்வரிசையில் நிற்கின்றன. மனித உரிமையைப் பேசும் நாடுகளே மனிதனைக் கொல்லும் கருவிகளையும் அதிகமாக விற்கின்றன என்னும் முரண்பாடு இதிலிருந்து பிறக்கின்றது. ஆனால், இம்முரண்பாடு துப்பாக்கிக் குழலிலிருந்து மட்டும் தொடங்குவதன்று. இரும்பு, எண்ணெய், றப்பர், கடைசல் இயந்திரம் ஆகிய யாவும் அமைதிக் காலத்தில் வாழ்வுக்கு உதவுவன. போர்க்காலத்தில் அவையே படைக்கலத்தின் உறுப்புகளாகி விடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பது எளிதன்று. யார் கையில் கோல் இருக்கின்றதோ அவர் தமக்கு வசதியான இடத்திலேயே கோட்டைக் கிழிக்கின்றார்.

1937ஆம் ஆண்டில் யப்பான் சீனாவின்மீது பெரும் போர் தொடுத்தது. சீன நகரங்கள் குண்டுகளுக்கு இரையாயின. அக்காலத்தில் யப்பானியத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பழைய இரும்பையும் எண்ணெயையும் பெருமளவில் விற்ற நாடு அமெரிக்கா. சீனாவின்மீது அமெரிக்க மக்களுக்கு அனுதாபம் இருந்தது. அமெரிக்க வணிகருக்கு யப்பானின் காசு இருந்தது. பழைய இரும்பின் ஏற்றுமதி 1940ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே தடைசெய்யப்பட்டது. எண்ணெய் 1941இலேதான் நின்றது.

அதே காலத்தில் அவுஸ்திரேலியாவில் நடந்தது வேறு விதமானது. 1938 நவம்பரில், போர்ட் கெம்பிளா என்னும் துறைமுகத்துத் தொழிலாளர்கள், யப்பானுக்குச் செல்லவிருந்த இரும்பை 'டல்பிராம்' என்னும் கப்பலில் ஏற்ற மறுத்தனர். இந்த இரும்பு குண்டாகிச் சீன மக்கள்மீது விழும். நாளை எங்கள்மீதும் விழக்கூடும் என்பது அவர்களுடைய வாதம். வெளிநாட்டுக் கொள்கையை வகுப்பது அரசாங்கத்தின் வேலை, சுமை தூக்குவோரின் வேலையன்று என்பது அரசாங்கத்தின் வாதம். அன்று சட்டமா அதிபராக இருந்த றொபேட் மென்சீஸ், பிற்காலத்தில் நெடுநாள் பிரதம மந்திரியாக விளங்கியவர். அவருக்கு அன்று சூட்டப்பட்ட 'இரும்புப் பொப்' என்ற பட்டப்பெயர் கடைசிவரை நீங்கவில்லை. தொழிலாளர் பல வாரங்கள் ஊதியமின்றி இருந்தனர். 1939 ஜனவரியில் அந்தச் சரக்கு ஏற்றப்பட்டது. அவர்கள் கேட்ட கேள்வி மட்டும் துறைமுகத்தில் தங்கிவிட்டது.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தினத்தில், யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. நான்கு நாட்களின் பின் திருகோணமலையும் தாக்கப்பட்டது. ஜனநாயக நாடுகள் யப்பானுக்கு இரும்பும் எண்ணெயும் விற்ற காலம் முடிந்து ஓரிரண்டு ஆண்டுகளுக்குள், அந்தப் போர் இலங்கையின் வாயிலுக்கு வந்து சேர்ந்தது.

இலங்கையும் போர்ச் சரக்கு வணிகத்துக்குப் புதியதன்று. முதலாம் உலகப் போரில் இந்நாட்டுச் சுரங்கங்களிலிருந்து எடுக்கப்பட்ட காரீயம், உலோகத்தை உருக்கும் மூசைகள் செய்வதற்காகக் கப்பலேறிற்று. போர் நடந்தவரை அதற்கு ஏற்றம். போர் முடிந்ததும் வீழ்ச்சி. அடுத்து வந்தது றப்பர். பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள், 1876ஆம் ஆண்டில் கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. மோட்டார் வண்டி பெருகிய காலத்தில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் றப்பர்த் தோட்டங்கள் பரவின. தேயிலை மலையிற் போலவே அங்கும், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் குடியேறின. சிங்களக் கிராமத்தவர் பலரும் சிறு நிலங்களில் றப்பர் வைத்தனர்.

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் றப்பர் முழுவதும் யப்பானியர் கைக்குப் போயிற்று. நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் கிடைக்கக்கூடிய இடங்களுள் இலங்கை முதன்மை பெற்றது. விமானச் சக்கரம், லொறிச் சக்கரம், மின்கம்பி உறை, நச்சுவாயுக் கவசம் ஆகிய எல்லாவற்றுக்கும் றப்பர் வேண்டும். எனவே, மரம் பட்டுப்போனாலும் போகட்டும், இன்று பால் கிடைத்தாற் போதும் என்ற முறையில், முதிர்ந்த மரங்களைக் கண்டபடி வெட்டிப் பாலெடுக்குமாறு பணிக்கப்பட்டது. வைகறையில் எழுந்து பட்டையைச் சீவிச் சிரட்டை கட்டிய தொழிலாளி, தான் ஒரு போர்முனையில் நிற்பதாக எண்ணியிருக்க மாட்டான். உண்மையில் அவன் நின்றது போர்முனையிலேதான். அதே வேளையில் பர்மாவும் வீழ்ந்தமையால் அரிசி வரத்து நின்றது. பங்கீட்டு முறை வந்தது. கப்பலில் றப்பர் ஏறிக்கொண்டேயிருந்தது. அரிசி இறங்குவதுதான் நின்றுபோயிற்று. பத்தாண்டுகளின் பின் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இந்த நிலையை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. 1950 ஜூன் மாதத்தில் கொரியப் போர் மூண்டது. வல்லரசுகள் றப்பரைச் சேமிக்கத் தொடங்கின. விலை விரைவில் ஏறியது. அதே ஆண்டின் இறுதியில் சீனப் படைகள் கொரியாவில் இறங்கின. 1951 மே 18ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் படைக்கலங்களையும் அவற்றை ஆக்குவதற்குப் பயன்படும் பொருள்களையும் அனுப்பலாகாது எனப் பரிந்துரைத்தது. அதுவரை சீனாவுக்கு றப்பர் விற்றுவந்த மலாயா, பிரித்தானிய ஆட்சியின் கட்டளைப்படி விற்பனையை நிறுத்தியது. அதே 1951இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதனைக் கொண்டுவந்த உறுப்பினரின் பெயரால் அது 'பட்டில் சட்டம்' என வழங்கலாயிற்று. போர்ச் சரக்கைப் பொதுவுடைமை நாடுகளுக்கு அனுப்பும் நாட்டுக்கு அமெரிக்க உதவி நிறுத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

இலங்கை அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை பெற்றிருக்கவில்லை. 1955 டிசம்பரிலேதான் அது கிடைத்தது. ஆகவே, பொதுச்சபையின் பரிந்துரை இலங்கையை நேரடியாகப் பிணிக்கவில்லை. ஆயினும், இலங்கை அரசாங்கம் பொதுவுடைமைக்கு நட்பான அரசாங்கமன்று. திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் பிரித்தானியப் படைத்தளங்களுக்கு இடங்கொடுத்த அரசாங்கம் அது. அத்தகைய அரசாங்கத்தைப் பீக்கிங்குக்கு அனுப்பியது கொள்கையன்று, அரிசிப் பஞ்சம்.

1952 மார்ச் மாதத்தில் பிரதம மந்திரி டி. எஸ். சேனநாயக்கா காலமானார். அவருடைய மகன் டட்லி சேனநாயக்கா பதவியேற்று, மே மாதத்துப் பொதுத் தேர்தலில் வென்றார். அந்த ஆண்டில் உலகச் சந்தையில் அரிசிக்குப் பெருந்தட்டுப்பாடு. விலையோ எட்டாத உயரத்தில். மறுபுறம், கொரியப் போரின் முதல் வேகம் தணிந்ததும் றப்பரின் விலை சரிந்தது. வாங்க வேண்டிய பொருள் ஏறவும் விற்க வேண்டிய பொருள் இறங்கவும், நாட்டின் கையிருப்புக் கரைந்தது. சீனாவுக்கோ றப்பர் வேண்டும். கொடுப்பதற்கு அரிசி இருந்தது.

வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா தலைமையில் இலங்கைத் தூதுக்குழு பீக்கிங் சென்றது. 1952 டிசம்பர் 18ஆம் திகதி ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் சீனா 270,000 மெட்ரிக் தொன் அரிசி தரும்; இலங்கை 50,000 மெட்ரிக் தொன் றப்பர் தரும். றப்பருக்குச் சிங்கப்பூர்ச் சந்தை விலையிலும் கூடிய விலை கொடுக்கச் சீனா இணங்கிற்று. அமைச்சரவைக்குள்ளேயே ஐயப்பாடு கொண்டோர் இருந்தனர். வொஷிங்டன் கோபங்கொண்டது. றப்பர் மரத்தின் இலைநோய்க்குத் தூவப்படும் கந்தகம் அமெரிக்காவிலிருந்து கிடைப்பதும் தடைப்பட்டது. 1956 வரை குறிப்பிடத்தக்க அமெரிக்கப் பொருளாதார உதவி இலங்கைக்குக் கிட்டவில்லை.

இந்த வழக்கில் நீதி எந்தப் பக்கம்? அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறுதல் தகாது. இருபுறத்து வாதங்களுக்கும் வலிமை உண்டு.

அமெரிக்காவின் வாதம் இது: கொரியாவில் மனிதர் மடிந்துகொண்டிருக்கின்றனர். ஐக்கிய நாடுகளின் கொடியின்கீழ்ப் போரிடுவோருள், இலங்கை அங்கம் வகிக்கும் பொதுநலவாயத்தைச் சேர்ந்த வீரரும் உளர். எதிரியின் லொறிச் சக்கரத்துக்கு றப்பர் கொடுப்பவன், எதிரியின் துப்பாக்கிக்குத் தோட்டா கொடுப்பவனிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றான்? உடன்படிக்கை கைச்சாத்தான நாளில் போர் ஓயவில்லை. போர்நிறுத்தம் 1953 ஜூலை 27ஆம் திகதியே வந்தது. இதனை வெறும் வல்லரசுச் செருக்கெனத் தள்ளிவிட இயலாது.

இலங்கையின் வாதம் வேறு. பசித்தவன் வீட்டு அடுப்பை மூட்டாமல் உலகத்தின் நெருப்பை அணைக்கச் சொல்வது நீதியன்று. றப்பர் வேண்டாம் என்பவர் அரிசி தரட்டும். அல்லது றப்பரை நல்ல விலைக்கு அவரே வாங்கட்டும். இரண்டுமின்றி, ஒழுக்கத்தின் செலவு முழுவதையும் ஏழை நாட்டின் தலையிற் சுமத்துவது எவ்வகை ஒழுக்கம்? தனக்கு மிஞ்சியே தருமம் என்பது பழமொழி. பெரிய நாடுகள் தமக்கு மிஞ்சிய பின்னரே தருமம் பேசியவை என்பதை இலங்கை அறிந்திருந்தது. யப்பானுக்கு இரும்பு விற்ற காலம் பழங்கதையாகி விடவில்லை. அன்றியும், 1956ஆம் ஆண்டில் மலாயாவின் றப்பர் மீண்டும் சீனாவுக்குச் செல்லத் தொடங்கிற்று. அதே ஆண்டில் அமெரிக்க உதவியும் இலங்கைக்கு வந்தது. அதே றப்பர், அதே சீனா. நான்கு ஆண்டுகளுக்குமுன் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது பின்னர் பொறுத்துக்கொள்ளக்கூடியதாயிற்று.

இவ்விரு வாதங்களையும் எடைபோடும்போது ஓர் உண்மை புலப்படும். இரு தரப்பினரும் நீதியின் மொழியிற் பேசினர். இரு தரப்பினரும் தத்தம் தேவையையும் சேர்த்தே பேசினர். இலங்கையும் பசியை மட்டும் கருதவில்லை. சந்தை விலைக்கு மேலான விலை கிடைத்தமை தோட்ட முதலாளிகளுக்கும் அரசாங்கத் திறைசேரிக்கும் இனித்தது. போர்க்காலத்தில் வெட்டிச் சிதைக்கப்பட்ட மரங்களுக்குப் பதிலாகப் புதிய கன்றுகள் நடுவதற்கான மானியத் திட்டமும் 1953இல் தொடங்கியது. தேவையும் நீதியும் கலந்தே இருப்பது உலக இயற்கை. அவ்வாறாயின் ஒரு ஜனநாயக நாட்டை வேறுபடுத்திக் காட்டுவது எது? தேவையே இல்லாதது போல் நடிப்பதன்று. தேவையை வெளிப்படையாக எடுத்துரைத்து, அதன் விளைவைச் சுமக்கப்போகும் மக்களின் முன் வைத்து, அவர்களின் இசைவைப் பெறுவதே.

இந்த அளவுகோலால் அளந்தால் 1952ஆம் ஆண்டு இலங்கைக்கு ஒரு பெருமையும் ஒரு சிறுமையும் சேரும்.

பெருமை யாதெனில், உடன்படிக்கை இரகசியமாகச் செய்யப்படவில்லை. விற்கப்படும் பொருளும் அளவும் வாங்குபவரும் உலகறிந்தவை. பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் அது விவாதிக்கப்பட்டது. ஆசியாவிலேயே முதன்முதலாக, 1931ஆம் ஆண்டில், வளர்ந்தோர் யாவருக்கும் வாக்குரிமை என்னும் கொள்கையை ஏற்ற நாடு இலங்கை. அரிசியின் விலைக்காக அரசாங்கத்தை அசைக்கும் வல்லமை இந்நாட்டு மக்களுக்கு இருந்தது. 1953 ஜூலை மாதத்து வரவு செலவுத் திட்டத்தில், கூப்பன் அரிசியின் விலை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

சிறுமை யாதெனில், றப்பர் மரத்தை வெட்டியவர்களுட் பெருந்தொகையினர் வாக்காளர்களே அல்லர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் எஸ். தொண்டமானும் தலவாக்கலைத் தொகுதியில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் உட்பட, இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த ஏழுபேர் பாராளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952 மே மாதத்துத் தேர்தல் நடந்தபோது மலைநாட்டின் லயங்கள் வாக்குச் சீட்டின்றி இருந்தன. அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூடத் தோட்ட மக்களின் பிரதிநிதிகளுக்குக் கிட்டவில்லை. ஏழு மாதங்களின் பின் றப்பர் உடன்படிக்கை கைச்சாத்தானது.

களுத்துறைத் தோட்டத்துத் தொழிலாளியின் கத்தி சீவிய பால், புகையூட்டிய தகடாகிச் சீனா சென்றது. அதற்கு ஈடாக வந்த அரிசி, ராகலை போன்ற மலைத் தோட்டங்களில் கணக்கிட்டு அளக்கப்பட்டு, விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. விற்ற பொருளை ஆக்கியவரும் வாங்கிய பொருளை உண்டவரும் இம்மக்களே. ஆயினும் 'விற்கலாமா?' என்ற கேள்வி இவர்களிடம் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் வேண்டாமென்று கூறியிருப்பர் என்று எவரும் சாதிக்க முடியாது. பசியை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? விடை எதுவாயினும் ஆகுக. கேட்கப்படும் தகுதி அவர்களுக்கு இருந்தது. போர்ட் கெம்பிளாவின் தொழிலாளி வாக்காளன். ஆகவே அவன் இரும்பை ஏற்ற மறுத்தபோது ஓர் அரசாங்கம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாக்கற்றவனின் மறுப்புக்குப் பதில் சொல்ல எவருக்கும் கடமையில்லை.

உடன்படிக்கை ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. 1957 பெப்ரவரியில் சீனாவோடு தூதுவர் உறவும் ஏற்பட்டது. தோட்ட மக்களின் குடியுரிமைச் சிக்கலோ அதனைவிட நீண்டது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் 1988லும் 2003லும் வந்தன.

காலம் சுழன்றது, போர்ச் சரக்கை விற்ற இலங்கை, போர்க்கருவியை வாங்கும் நிலைக்கு வந்தது. 1971 ஏப்ரலில் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தபோது, சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் உலகெங்கும் உதவி கேட்டது. பிரித்தானியா, அமெரிக்கா, இந்தியா ஆகிய ஜனநாயக நாடுகளும், சோவியத்து நாடு, யூகோசிலாவியா முதலிய பொதுவுடைமை நாடுகளும், ஒன்றோடொன்று பகைத்து நின்ற இந்தியாவும் பாகிஸ்தானும்கூட, ஒரே அரசாங்கத்துக்குப் படை உதவி அளித்தன. எழுந்த கேள்வி 'இவர்கள் நமக்கு வேண்டியவர்களா?' என்பதே, 'இந்தக் கருவி யார்மீது திரும்பும்?' என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று.

பின்னர் வந்த நீண்ட உள்நாட்டுப் போரிலும் இதே தடுமாற்றம் தொடர்ந்தது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்கா, மனித உரிமை நிலையைக் காரணங்காட்டி, இலங்கைக்கான படைத்துறை ஏற்றுமதிகளிற் பெரும்பாலானவற்றைக் கட்டுப்படுத்தியது. போர் முடிந்து மூன்று மாதங்களின் பின், 2009 ஓகஸ்டில், பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று, இலங்கைக்கு வழங்கப்பட்ட ஏற்றுமதி அனுமதிகள் யாவற்றையும் மீளாய்வு செய்யுமாறு தன் அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டது. நல்ல கேள்வி, ஆனால் இறந்தவர்கள் இறந்த பின்னர் எழுந்த கேள்வி.

ஜனநாயக நாடுகளில் இக்கேள்வி பிந்தி எழுவது ஏன்? பிரித்தானியாவின் இன்னோர் அனுபவம் இதற்கு விடை கூறும். ஈராக்கும் ஈரானும் போரிட்ட காலத்தில், இரு நாடுகளின் போர்வலிமையையும் பெருக்கும் கருவிகளை விற்பதில்லை எனப் பிரித்தானியா விதி வகுத்து, அதனை 1985 ஒக்டோபரில் பாராளுமன்றத்தில் வெளியிட்டது. 1988இன் இறுதியில் இளநிலை அமைச்சர்கள் சிலர் தமக்குள் கூடி, ஈராக்குக்குச் சாதகமாக அந்த விதியைத் தளர்த்தினர். பாராளுமன்றத்துக்கு அது தெரிவிக்கப்படவில்லை. விற்கப்பட்டவை பீரங்கிகளல்ல, 'மற்றிக்ஸ் சேர்ச்சில்' என்ற நிறுவனத்தின் கடைசல் இயந்திரங்கள். பீரங்கிக் குண்டு ஆக்குவதற்கும் அவை பயன்பட்டன. விற்றவர்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டபோது, அரசாங்கத்துக்கு எல்லாம் தெரிந்தேயிருந்தது என்பது வெளிவந்து, 1992 நவம்பரில் வழக்கு முறிந்தது. நீதிபதி ஸ்கொட் விசாரணை நடத்தி 1996 பெப்ரவரியில் அறிக்கை சமர்ப்பித்தார். அதுபற்றிய விவாதத்தில் அரசாங்கம் ஒரேயொரு வாக்கினால் தப்பியது.

இலங்கையின் றப்பரையும் பிரித்தானியாவின் இயந்திரத்தையும் அருகருகே வைத்து நோக்கலாம். இரண்டும் தோற்றத்தில் ஆயுதமல்ல. இரண்டும் போருக்குப் பயன்படக்கூடியவை. ஏழை நாடு தன் சரக்கைப் பகிரங்கமாக விற்றுத் தண்டனை பெற்றது. செல்வ நாடு தன் விதியைத் தானே இரகசியமாக வளைத்தது. ஊருக்கு உபதேசம் செய்பவர் வீட்டில் நடப்பதை யாரும் பாராதிருப்பது வழக்கமே. எனினும் ஒன்றை மறத்தலாகாது. அந்த இரகசியத்தை உடைத்ததும் அதே நாட்டின் நீதிமன்றமும் பாராளுமன்றமும் பத்திரிகையுமேயாகும். ஜனநாயகம் தவறு செய்யாத ஆட்சிமுறையன்று. தவறு வெளிப்படுவதற்கு வாயில் வைத்திருக்கும் ஆட்சிமுறை. அந்த வாயிலைத் திறந்து வைத்திருப்பது குடிமக்களின் கடமை.

2013 ஏப்ரல் 2ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆயுத வணிக உடன்படிக்கையை ஏற்றது. இனப்படுகொலைக்கோ மனித குலத்துக்கெதிரான குற்றத்துக்கோ பயன்படும் என்று அறிந்து ஆயுதம் விற்றலாகாது என அது விதிக்கின்றது. 2014 டிசம்பர் 24ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. பொதுச்சபை வாக்கெடுப்பின்போது இந்தியாவும் இலங்கையும் வாக்களியாது ஒதுங்கி நின்றன. விற்போரின் விருப்பப்படியே விதி அமைகின்றதென்பது இந்தியா முதலிய நாடுகளின் குறை. 1952ஐ நினைவிற் கொண்டால் அந்தக் குறையில் உண்மை இருப்பதை மறுக்க முடியாது. ஆனால், விதி நேர்மையற்றது என்பதனால் விதியே வேண்டாம் என்பதும் முடிவாகாது.

ஏற்றுமதி அனுமதிப் பத்திரம் ஒரு சிறிய தாள். அதிற் பொருளின் பெயரும் அளவும் விலையும் சேருமிடமும் எழுதப்பட்டிருக்கும். அதனால் யார் உண்பார், யார் இறப்பார் என்பது எழுதப்பட்டிராது. அதனை எழுதிச் சேர்க்கும் வேறொரு சிறிய தாள் உண்டு. அதுவே வாக்குச் சீட்டு. இரண்டாவது தாளைக் கையில் உடையவர்கள் முதலாவது தாளைக் காட்டுமாறு கேட்கலாம், கேட்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தச் சீட்டின் விலையை அதனை இழந்து அறிந்தவர்கள் மலைநாட்டு மக்கள். ஒரு காலத்தில் தம் கைகள் ஆக்கிய பொருள் எங்கே சென்றது என்று கேட்கும் உரிமையற்று வாழ்ந்த அம்மக்களுக்கு, அக்கேள்வி எத்தகையது என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.